மாப்பிள்ளை வீட்டுக் கையெழுத்து

என் தம்பி செந்தூர்பாண்டி எங்கள் அப்பாவின் கையெழுத்தை அப்பாவை விட நன்றாகப் போடுவான். அப்பா போட்டால் 'பிச்சைக்கண்ணு' என்பதன் கடைசி வால் ஒரு நாள் நீளும், ஒரு நாள் சுருங்கும். தம்பி போட்டால் என்றைக்கும் ஒரே அளவு. கணக்கில் இருபது மார்க்கைத் தாண்டாதவனுக்கு வேறு வழியில்லை. ரேங்க் கார்டை அப்பாவிடம் நீட்டினால் முதுகுத் தோல் உரிந்துவிடும். ஏரல் பள்ளிக்கூடத்தில் அவன் வகுப்புப் பையன்கள் பாதிப் பேருக்கு அவன்தான் அப்பா.

அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் நான் இன்று பாளையங்கோட்டையில் ஒரு வக்கீல் ஆபீசில் மனு அடித்துக்கொண்டிருக்க மாட்டேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நான் செய்த காரியத்தின் லட்சணம் உங்களுக்குப் புரியாது.

தொண்ணூற்றெட்டில் பிளஸ் டூ முடித்தேன். பாளையங்கோட்டையில் பெண்கள் விடுதி ஒன்றில் தங்கி டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் படிக்க இடம் கிடைத்தது. விடுதி விண்ணப்பத்தின் அடியில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே 'தந்தை அல்லது பாதுகாவலர் கையொப்பம்'. அப்பா போட மாட்டேன் என்றுவிட்டார். திசையன்விளையில் எனக்கு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். நான் மூன்று நாள் பட்டினி கிடந்தேன். அம்மா தட்டைக் கொண்டுவந்து வைப்பாள், "சாப்புடுட்டி, சாப்புட்டுட்டு அழு" என்பாள், கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போவாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் தம்பி வந்தான். அப்போது அவனுக்குப் பதினாறு வயசு.

"ஃபாரத்தக் கொண்டா."

"எதுக்குலே?"

"கொண்டாக்கா."

ஜாமெட்ரி பாக்ஸை முட்டியில் வைத்து, அதன் மேல் தாளை விரித்து, ஒரே இழுப்பில் போட்டான். அப்பா நல்ல குணத்தில் இருக்கிற நாளில் விடுவது போல வாலை நீளமாக விட்டான். மை காய ஊதிக்கொண்டே, "படிக்கப் போறது நீ. கையெழுத்த மட்டும் எதுக்கு அவியட்டக் கேக்கானுவ?" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று நாள் கழித்து வந்த சிரிப்பு அது.

நான் பஸ் ஏறிய பத்தாம் நாள், 'தங்கள் ஒப்புதலுக்கு நன்றி' என்று விடுதியிலிருந்து அப்பாவுக்குக் கடிதம் போய்விட்டது. அப்பா பெல்ட்டைக் கழற்றினார். தம்பி அழவும் இல்லை, இனிமேல் செய்யமாட்டேன் என்று சொல்லவும் இல்லை என்று அம்மா பிறகு சொன்னாள். அந்தச் சனிக்கிழமை என்னைப் பார்க்க வந்தவன் முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். வெயில் கொளுத்துகிறது, கையை மடித்து விடுலே என்றேன். "இது புது ஸ்டைல்க்கா" என்றான்.

இரண்டு வருஷம் சனிக்கிழமை தவறாமல் வந்தான். இன்ஸ்டிட்யூட் வாசல் பெஞ்சில், மடியில் ஒரு சீப்புப் பழத்தோடு உட்கார்ந்திருப்பான். உள்ளே முப்பது மெஷின் ஒன்றாக அடிக்கும். "தகரத்துல மழ பெய்யுத மாதிரி இருக்குக்கா, தூக்கம் வருது" என்பான். வகுப்பு முடிந்ததும் முருகன்குறிச்சி வரைக்கும் நடந்து போய் ஒரு ரோஸ்மில்க் வாங்கி ஆளுக்குப் பாதி குடிப்போம். முதல் பாதி எப்போதும் எனக்கு. கோர்ட் வாசலில் இப்போதும் ஒருவர் பழைய மெஷினில் அடிக்கிறார். அந்தச் சத்தம் கேட்டால் பெஞ்ச் எங்கே என்று கண் தேடுகிறது. நாற்பத்து மூன்று வயசிலும் தேடுகிறது.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை, நாள் ஓடிவிட்டது. தம்பி மினி லாரி வாங்கினான், ஏரல் வாழைத்தாரைத் திருநெல்வேலி மார்க்கெட்டுக்கு ஏற்றினான், நித்யாவைக் கட்டினான், பாப்பா பிறந்தாள். அப்பா காலமானார். 2023 ஆடி மாசம் ஒரு காலையில், மார்க்கெட்டில் தார் இறக்கிக்கொண்டிருந்தவன், "நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு" என்று லாரி டயரில் சாய்ந்து உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. நாற்பத்தொரு வயசு.

இனிமேல்தான் என் லட்சணம் வருகிறது.

தம்பி போன பிறகு நித்யாவுக்கு மாசத் தூரம் வரவில்லை. துக்கத்தில் நின்றிருக்கும் என்று அம்மா சொன்னாள், பக்கத்து வீட்டார் சொன்னார்கள், நானும் சொன்னேன். சாப்பாடு இறங்காததற்கும் தலை சுற்றலுக்கும் அதே காரணத்தைச் சொன்னோம். செத்தவனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில் இருப்பவளின் வயிற்றை யாரும் பார்க்கவில்லை. ஐப்பசி பிறந்த மூன்றாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, நான்தான் அவளைப் பாளையங்கோட்டைக்கு வரச்சொல்லி ஸ்கேனுக்குக் கூட்டிப்போனேன். இருபது வாரமும் ஒரு நாளும் என்றார்கள்.

நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன். தம்பி போகிற போக்கில் தன்னைக் கொஞ்சம் விட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது. நித்யா அழவில்லை. வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"எனக்கு இது வேண்டாம் மதினி."

"என்னட்டி சொல்லுத?"

"வேண்டாம். அவிய இருந்தாலே யோசிச்சிருப்பேன். அவியளும் இல்ல. என்னால முடியாது."

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே எழுந்து போய் நர்ஸ் யூனிஸிடம் கேட்டுவிட்டாள். யூனிஸ் எனக்குப் பதினைந்து வருஷப் பழக்கம். நல்ல பெண். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். யூனிஸ் பொறுமையாக விளக்கினாள். இருபது வாரம் வரைக்கும் ஒரு டாக்டர் சரி என்றால் போதும். இருபதைத் தாண்டினால் இருபத்து நாலு வரைக்கும் எல்லாருக்கும் கிடையாது, சிலருக்குத்தான். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷனை இழந்தவள் அந்தச் சிலரில் ஒருத்தி. இரண்டு டாக்டர் சொல்ல வேண்டும். இறப்புச் சான்றிதழ் வேண்டும். பிறகு ஒரு ஃபாரத்தை எடுத்து நீட்டினாள். அது சர்க்கார் ஃபாரம். அதில் கையெழுத்துக்கு ஒரே ஓர் இடம், அந்தப் பெண்ணுக்கு மட்டும். ஆனால் அதற்குக் கீழே ஊதா மையில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருந்தது: 'கணவர் / கணவர் வீட்டார் கையொப்பம்'.

"மாப்பிள்ள வீட்டுப் பக்கம் ஒரு கையெழுத்து வேணும்மா" என்றாள் யூனிஸ். "அக்காவே போட்டுரலாம், கூடப் பொறந்தவங்கதான்."

நித்யா என்னைப் பார்த்தாள்.

அந்த ஸ்டாம்ப் சட்டத்தில் இல்லை. பதினெட்டு வயசு தாண்டிய, புத்தி தெளிவாக இருக்கிற பெண் என்றால் அவள் சம்மதம் ஒன்றே போதும். புருஷன் வேண்டாம், மாமியார் வேண்டாம், நாத்தனார் வேண்டவே வேண்டாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் சட்டம் வந்த நாளிலிருந்தே அப்படித்தான். வீட்டார் சம்மதம் கேட்டு டாக்டர்கள் இல்லாத நிபந்தனை போடக்கூடாது என்று 2022-இல் உச்சநீதிமன்றம் தெளிவாகவே எழுதியது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகும் மனுக்களில் அந்தப் பத்தியை நான் எத்தனை தடவை அடித்திருக்கிறேன்! கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். கமா எங்கே வரும் என்று என் விரலுக்குத் தெரியும்.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். பொய் சொல்லவில்லை பாருங்கள். வாயை மூடிக்கொண்டேன். மற்றதை ஸ்டாம்ப் பார்த்துக்கொண்டது.

அம்மாவிடம் போனில் விஷயத்தைச் சொன்னதும் நான்தான். அம்மா முதலில் அழுதாள், பிறகு சாமிக்கு நேர்ந்துகொண்டாள், பிறகு, "அவ வேண்டாம்னு சொல்லுதா" என்று நான் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். அது போனிலேயே தெரிந்தது.

"எம்புள்ளல்லா திரும்பி வாரான்! டிவியில பாத்தேன், பெரிய கோர்ட்டே முடியாதுன்னு சொல்லிட்டுல்லா ஒருத்திக்கு?"

அந்த வாரம்தான் அந்தத் தீர்ப்பு. இரண்டு பிள்ளைக்காரி ஒருத்தி, இருபத்தாறு வாரம். முதலில் சரி என்றார்கள். பிறகு இரண்டு நீதிபதிகளுக்குள் கருத்து பிரிந்தது. கடைசியில் மூன்று பேர் உட்கார்ந்து, இருபத்து நாலைத் தாண்டிவிட்டது, முடியாது என்றார்கள். அந்த வழக்கு வேறு, இது வேறு. இருபத்து நாலுக்கு இன்னும் இருபத்தேழு நாள் இருக்கிறது, நித்யா கோர்ட்டுக்கே போகவேண்டியதில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். "ஆமாம்மா, முடியாதுன்னுட்டாவ" என்று மட்டும் சொன்னேன்.

நாள் ஓடட்டும் என்பதுதான் என் திட்டம். திட்டம் என்று அன்றைக்கு நான் அதற்குப் பெயர் வைக்கவில்லை. நித்யா ஏரலிலிருந்து தினமும் போன் செய்வாள். சனிக்கிழமை யூனிஸுக்கு லீவு என்றேன். ஞாயிறு டாக்டர் ஊரில் இல்லை என்றேன். ஆயுத பூஜை முடியட்டும், நல்ல நாளில் இதை எடுக்க வேண்டாம் என்றேன். அவள் "சரி மதினி" என்பாள். என்னை நம்பினாள். வக்கீல் ஆபீஸில் இருக்கிறவள் சொன்னால் சட்டமே சொன்ன மாதிரி என்று எங்கள் வீட்டில் ஒரு நினைப்பு. அதை வளர்த்துவிட்டதும் நான்தான்.

ஆயுத பூஜைக்கு ஏரல் போனேன். தம்பி இருந்தால் அன்றைக்கு லாரி மாப்பிள்ளை மாதிரி நிற்கும். முன்னால் இரண்டு வாழைக்கன்று கட்டுவான், ஹெட்லைட்டுக்குக் கீழே சந்தனம், கண்ணாடி மேல் ரோஜா மாலை, பாப்பாவை டிரைவர் சீட்டில் உட்கார்த்தி ஹாரன் அடிக்கச் சொல்லித் தெருவையே எழுப்புவான். "எக்கா, நீயும் ஒரு தடவ அடி" என்று என் கையையும் பிடித்து வைப்பான். இந்த வருஷம் தீட்டு, பூஜை கிடையாது. லாரி தார்ப்பாய்க்குள் நின்றது. பாப்பா தார்ப்பாய்க்குள் கையை விட்டுக் கதவை மட்டும் தொட்டுவிட்டு வந்தாள்.

நித்யா வாழைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொன்னேன்.

"நித்யா, நீ பெத்து மட்டும் குடு. நான் வளக்கேன். ஒனக்கு ஒரு பாரமும் இல்ல. எனக்குன்னு யாரு இருக்கா, சொல்லு?"

அரிவாள்மணை நின்றது.

"பாப்பா பொறந்தப்ப ஒங்களுக்கு என்ன சொன்னாவ?"

"ஒனக்கு மஞ்சக்காமால, யாரும் வர வேண்டாம்னு."

"மஞ்சக்காமால இல்ல மதினி. அப்ப தனி வீட்டுல இருந்தோம்லா, எனக்குப் பாப்பாவப் பாக்கவே பிடிக்கல. அது அழுதா எந்திச்சு ஓடிரணும்னு இருக்கும். ஒரு நாள் ஆத்துக்குப் போயிட்டேன், திரும்பக் கூடாதுன்னுதான் போனேன். அவியதான் படித்துறையில வந்து பிடிச்சாவ. ஆறு மாசம் லாரி ஓட்டல. பாப்பாவுக்குப் பால் கலக்குனது, குளுப்பாட்டுனது, எனக்குத் தல சீவி விட்டது, எல்லாம் அவிய. டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போயி மாத்திர வாங்கித் தந்து, ஒருத்தருக்கும் தெரியாம பாத்துக்கிட்டாவ. 'இனி ஒனக்கு இந்தப் பாடு வேண்டாம்ளா'ன்னு சொன்னாவ." அவள் மறுபடி அரியத் தொடங்கினாள். "இப்ப நான் ஆத்துக்குப் போனா யாரு வந்து பிடிப்பா?"

அந்த ஆறு மாசம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தம்பி வரவில்லை என்று நான் கோபித்துக்கொண்டிருந்த ஆறு மாசம் அது. பெண்டாட்டி வந்ததும் அக்காவை மறந்துவிட்டான் என்று ஆபீஸில் புலம்பியிருக்கிறேன். என் தம்பியை எனக்கு முழுக்கத் தெரியும் என்று நினைத்திருந்தேன். முழுக்கைச் சட்டையை அவன் கழற்றவே இல்லை.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லவில்லை. மாத்திரை சாப்பிட்டுக்கொள்ளலாமே, நான் கூட இருந்து பார்த்துக்கொள்ளலாமே, இந்தத் தடவை அப்படி வராமலும் இருக்கலாமே என்று எனக்கு நானே வாதாடினேன். இருபத்திரண்டு வருஷம் வக்கீல் ஆபீஸில் உட்கார்ந்தவளுக்கு வாதம் கிடைக்காதா? தம்பியின் முகம் எனக்கு வேண்டும். அதுதான் உண்மை. ஒரு தொட்டிலில் அந்த மூக்கையும் அந்தக் காதையும் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். அதற்கு நித்யாவின் உடம்பு ஒரு வழி, அவ்வளவுதான். இதை இப்போது எழுதும்போது கூசுகிறது. அப்போது கூசவில்லை.

அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, எங்கள் வக்கீல் சுந்தர்ராமன் சார் ஒரு மனுவை டிக்டேட் செய்தார். சார் கல்லிடைக்குறிச்சிக்காரர். காலையில் ஆற்றில் குளித்து, பூஜை முடித்து, நெற்றி நிறைய இட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுவார். யாரோ ஒரு பெண்ணின் வழக்கு அது. வழக்கம் போல அந்தப் பத்தி வந்தது. சார் இங்கிலீஷில் சொல்ல, நான் அடித்தேன். மனுதாரரின் சம்மதம் ஒன்றே போதுமானது, குடும்பத்தார் எவரின் ஒப்புதலும் கோரப்படக் கூடாது. விரல் நின்றுவிட்டது.

"என்னாச்சு முத்துராணி?"

"சார், நீங்க இது சரிங்கீங்களா, தப்புங்கீங்களா?"

சார் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கு இது பிடிக்காது. எங்க ஆத்துல பேச்சை எடுத்தாலே எழுந்து போயிடுவேன். அது ஒரு உயிர்னுதான் நான் நினைக்கறேன். ஆனா என் பிடித்தம் பிடிக்காமை எனக்கு. அந்தப் பொண்ணு மேல அதைக் கொண்டுபோய் வைக்க எனக்கு ஏது அதிகாரம்? அவ உடம்புல நானா குடியிருக்கேன்?" கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "சட்டம் இவ்வளவு தெளிவா இருந்தும் ஆஸ்பத்திரில இன்னும் கையெழுத்து கேக்கறா, பார். கேக்கறவாளைக் கோர்ட்ல நிறுத்தணும்."

"கேக்கவங்களுக்குச் சட்டம் தெரியாம இருக்கலாம் சார். தெரிஞ்சே போடாம வச்சிருக்கவங்கள என்ன செய்ய?"

சார் கையிலிருந்த கேஸ் கட்டை மூடி வைத்தார். என் தம்பி இறந்தது அவருக்குத் தெரியும், நித்யா ஸ்கேனுக்கு வந்ததும் தெரியும். "இந்தப் பத்தியோட நிறுத்திக்கோ. மிச்சத்தை நான் அடிச்சுக்கறேன்" என்றார். அவருக்கு ஒற்றை விரலில்தான் அடிக்கத் தெரியும்.

வெளியே வந்து கோர்ட் வாசலில் நின்றேன். அந்தப் பெரியவர் யாருக்கோ பத்திரம் அடித்துக்கொண்டிருந்தார். தகரத்தில் மழை. பெஞ்சில் யாரும் இல்லை. ஜாமெட்ரி பாக்ஸும், ஊதிக் காய வைத்த வாயும், படிக்கப் போறது நீ என்ற குரலும் ஒன்றாக வந்தன. பதினாறு வயசுப் பையனுக்குத் தெரிந்தது எனக்கு இத்தனை வயசில் தெரியவில்லை. எனக்குக் கிடைக்காத ஒரு கையெழுத்தை எனக்காகப் போட்டு, அதற்காக அடி வாங்கியவன் அவன். அவன் பெண்டாட்டிக்குத் தேவையே இல்லாத ஒரு கையெழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் பதினோரு நாள் அப்பாவாக இருந்திருக்கிறேன்.

அங்கேயே நின்று நித்யாவுக்குப் போன் போட்டேன். "நாளைக்குக் காலையில மொத பஸ்ஸுக்கு வா. துணியெல்லாம் எடுத்துட்டு வா" என்றேன்.

மறுநாள் காலை அம்மாவின் போன் எனக்கு முன்னால் எழுந்துவிட்டது. நித்யா பையைத் தூக்கியதும் அம்மாவுக்குப் புரிந்துபோயிருக்கிறது. "எம்புள்ளய ரெண்டாந்தடவ சாவ விட்டுராதட்டி" என்றாள். அம்மாவுக்கு இன்றுவரை நான் பதில் சொல்லவில்லை. அவள் அழுகை பொய் இல்லை. ஆனால் அந்த அழுகைக்கு நித்யா தன் உயிரைக் கொடுக்க முடியாது.

ஆஸ்பத்திரியில் யூனிஸ் அதே ஃபாரத்தை எடுத்து வைத்தாள். நித்யா பேனாவை எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

"மொதல்ல நீங்க போடுங்க மதினி."

பைக்குள் தீர்ப்பின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து வைத்திருந்தேன். யூனிஸின் முன்னால் விரித்தேன்.

"யூனிஸ், இந்த ஸ்டாம்ப் சட்டத்துல கிடையாது. எங்கையெழுத்து வேண்டாம். யாரு கையெழுத்தும் வேண்டாம். இவ போட்டாப் போதும்."

யூனிஸ் படித்தாள். முகம் சிவந்தது. "நாங்க என்னக்கா செய்ய? ஒரு தடவ ஒரு புருஷங்காரன் வந்து கண்ணாடியெல்லாம் ஒடச்சுட்டான். அதுலருந்து இந்த ஸ்டாம்ப் குத்துதோம். சட்டம்னே நெனச்சுட்டோம்" என்று சொல்லி, தாளை எடுத்துக்கொண்டு டாக்டரின் அறைக்குப் போனாள்.

நித்யா பேனாவை இன்னும் நீட்டியபடியே இருந்தாள். மெல்லக் கையை இறக்கினாள்.

"இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

ஒரு கணம், நேற்றுத்தான் சார் சொன்னார் என்று சொல்லிவிடலாமா என்று இருந்தது. சொன்னால் நம்புவாள்.

"மொதல் நாளே தெரியும். அதுக்கு முன்னாலயே தெரியும். நான்தான் சொல்லல. நீ மனசு மாறிருவேன்னு இருந்துட்டேன். நாள் தாண்டிருமான்னும் இருந்துட்டேன்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"ஸ்கேன் எடுத்த அன்னைக்கு அது அசையல மதினி. எனக்கு ஒண்ணும் தெரியல. போன வெள்ளிக்கெழமதான் அசைஞ்சுது. பாப்பாவுக்குச் சோறு ஊட்டிட்டு இருந்தேன், உள்ள ஒரு தட்டு. அதுலருந்து தெனம் அசையுது. நீங்க அன்னைக்கே சொல்லியிருந்தா எனக்கு இது தெரியாமலே போயிருக்கும்."

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். கையை இழுத்துக்கொண்டாள்.

டாக்டர் வந்தார். சட்டப்படி அந்த ஸ்டாம்ப் தேவையில்லைதான் என்று ஒத்துக்கொண்டார். நித்யாவிடம், இப்போதும் யோசிக்க நேரம் இருக்கிறது, யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா என்று கேட்டார். அவள் ஆறு மாசத்தையும் மாத்திரையையும் ஆற்றையும் சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டார். இன்னொரு டாக்டரும் வந்து பேசிவிட்டுப் போனார். பிறகு நித்யா ஃபாரத்தைத் தன் பக்கம் இழுத்து, தன் பெயரை எழுத்து எழுத்தாகப் போட்டாள். ஊதா ஸ்டாம்பின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். பேனாவை மூடி யூனிஸிடம் கொடுத்தாள்.

"நீங்க வெளிய இருங்க மதினி" என்றாள். "உள்ள வர வேண்டாம்."

வெளியே இருந்தேன். அன்று முழுக்க, மறுநாள் மத்தியானம் வரைக்கும், அந்த நாற்காலியில்தான். ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்தது. சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குத் தகரக் கூரை போட்டிருந்தார்கள். உள்ளே ஒருத்தி தனியாகக் கிடக்கிறாள், தகரத்தில் மழை அடிக்கிறது, எனக்கு ஒரு பெஞ்சும் ஒரு சீப்புப் பழமும் அதற்குப் பின்னால் ஒரு முகமும் தெரிகின்றன. அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்கத்தான் இத்தனையும் செய்தேன். இப்போது அந்த முகத்தை நினைக்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. என்னை அவன் திட்டியிருக்க மாட்டான். அதுதான் தாங்க முடியவில்லை.

மறுநாள் மூன்று மணிக்கு யூனிஸ் வந்தாள். முடிந்துவிட்டது, நன்றாக இருக்கிறாள் என்றாள். "ஒங்கள வரச் சொல்லுதா."

நித்யா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது. தலைமுடி சிக்காகி முதுகில் ஒட்டியிருந்தது. நான் கதவருகிலேயே நின்றேன். மன்னிச்சுக்கோ என்றேன். அந்த வார்த்தை எனக்கே சின்னதாகக் கேட்டது.

அவள் திரும்பவில்லை.

"அதுக்கு எனக்கு நாளாவும் மதினி" என்றாள். "அதுவர நின்னுட்டே இருப்பியளா? இங்கன உக்காருங்க."

உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, தலையணைக்கு அடியிலிருந்து சீப்பை எடுத்துப் பின்பக்கமாக நீட்டினாள்.